கல்லை உடைக்க எவ்வளவு மின்சாரம் வேண்டும்? வாசகர் கேள்வி-பதில்

கல் குவாரி, கிரஷர், ரிக், டிப்பர் ஆகிய தொழில்களில் இருப்பவர்களிடமிருந்தும், அவற்றின் அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களிடமிருந்தும் எரிபொருள், மின்சாரச் செலவு பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தரப்படுகிறது. பதில்களில் யூனிட் என்று வருமிடமெல்லாம் மின்சார யூனிட்டையே, அதாவது ஒரு கிலோவாட்-மணியையே, குறிக்கும். ஜல்லி, மணல் விற்கும் நூறு கன அடி யூனிட்டை அன்று.

எங்களுடையது ஜா (பாறையைத் தாடையால் முதலில் உடைப்பது), கோன் (கூம்பால் நசுக்கி ஜல்லியாக்குவது), வி.எஸ்.ஐ. (சுழற்றி எறிந்து மணலாக்குவது) மூன்றும் கொண்ட கிரஷர். உற்பத்தி அதே அளவில் நிற்கிறது. மின்கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. பழைய ஜா கிரஷரை எடுத்துவிட்டுப் புதியது வைத்தால் மின்சாரம் மிச்சமாகும் என்கிறார்கள். வைக்கலாமா?
— கிரஷர் உரிமையாளர், க.பரமத்தி

மின்சாரத்தை மிச்சப்படுத்துவது ஒன்றே நோக்கமென்றால் வேண்டாம். உங்கள் ஜா கிரஷரின் வார்ப்பு உடல் விரிந்திருந்தாலோ, பேரிங் அடிக்கடி போய் வேலை நின்றாலோ மாற்றுவதற்கு நியாயம் உண்டு. ஆனால் மின்கட்டணம் ஏறுவதற்கான காரணம் அந்த இயந்திரத்தில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஏன் என்பதைக் கணக்கோடு சொல்கிறேன்.

ஒரு டன் கல்லை ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்குச் சிறிதாக்க எவ்வளவு ஆற்றல் வேண்டும் என்பதற்கு 1952இல் ஃபிரெட் பாண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு சூத்திரம் தந்தார். இன்றுவரை அரைவைத் தொழில் முழுவதும் அதையே அடிப்படையாகக் கொள்கிறது. கல்லின் அளவைக் குறைக்கக் குறைக்க, அடுத்த படிக்கான செலவு முந்தைய படியைவிட வேகமாக ஏறும் என்பதே அதன் சாரம். கிரானைட் வகைக் கல்லின் கடினத்தைக் குறிக்கும் பாண்ட் எண் ஏறத்தாழ 16. அதை வைத்துக் கணக்கிட்டால், 600 மில்லிமீட்டர் பாறையை 150 மில்லிமீட்டராக்க, அதாவது ஜா கிரஷர் செய்யும் வேலைக்கு, டன்னுக்கு 0.2 யூனிட் போதும். அங்கிருந்து 20 மில்லிமீட்டர் ஜல்லியாக்க இன்னும் 0.7 யூனிட் ஆகும். அந்த ஜல்லியை எம்-சாண்டாக்க அதற்கு மேல் இரண்டு யூனிட்டுக்குச் சற்றுக் கூடுதலாக வேண்டும். ஆக, பாறையை மணலாக்கும் மூன்று யூனிட்டில் ஜாவின் பங்கு பதினைந்தில் ஒன்றுதான். அதில் பத்து விழுக்காடு மிச்சம் பிடித்தாலும் உங்கள் மின்கட்டண ரசீதில் அது கண்ணுக்குத் தெரியாது.

இவை கல்லை உடைக்க மட்டும் வேண்டிய அளவுகள். உங்கள் மீட்டர் காட்டுவது இதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே இருக்கும். கன்வேயர், சல்லடை, தூசி உறிஞ்சும் விசிறி, தண்ணீர் பம்பு எல்லாம் அதில் சேரும். இவற்றையும்விடப் பெரிய இழப்பு, இயந்திரங்கள் வெறுமனே சுற்றும் நேரத்தில் இருக்கிறது. டிப்பர் வரத் தாமதம், ஹாப்பரில் பெரிய கல் சிக்கிக்கொண்டது, பெல்ட் கிழிந்தது என்று ஒவ்வொரு முறையும் கல் வரத்து நிற்கிறது. ஆனால் கிரஷரை நிறுத்திப் போடும் சிரமத்தை எண்ணி மோட்டாரை ஓட விடுகிறோம். கிரஷர் கல் இல்லாமல் சுற்றும்போதே முழுச்சுமையின் மூன்றில் ஒரு பங்கு வரை, சிலவற்றில் பாதி வரைகூட, மின்சாரம் எடுக்கும். நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஆலை முழுவதும் வெறுமனே ஓடி, அப்போது 120 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு கல்கூட உடையாமல் 240 யூனிட் போய்விடுகிறது. ஜாவின் கணக்குப்படி அது 1,200 டன் பாறையை முதல்கட்டமாக உடைக்கப் போதுமானது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெறும் ஓட்டத்தின் செலவை ஆம்பியர் மீட்டரை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சுமையில்லாத மோட்டார் எடுக்கும் மின்னோட்டத்தில் பெரும்பகுதி காந்தப்புலத்தை உண்டாக்குவதற்கானது. பவர் ஃபேக்டர் (எடுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு) மிகத் தாழ்ந்து நிற்கும் அந்த நிலையில் ஆம்பியர் அதிகமாகத் தெரியும், உண்மையான கிலோவாட் அதைவிடக் குறைவாக இருக்கும். கிலோவாட் காட்டும் மீட்டரை ஒவ்வொரு பெரிய மோட்டாருக்கும் தனித்தனியே வையுங்கள். எடைமேடைக் கணக்கு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டையும் வைத்து டன்னுக்கு எத்தனை யூனிட் என்று தினமும் ஒரு நோட்டில் எழுதி வந்தால், ஒரு மாதத்தில் எந்த இயந்திரம் திருடுகிறது என்பது தானாகப் புலப்படும். புது ஜாவுக்கான விலைப்புள்ளியை அதற்குப் பிறகு கேட்டு வாங்கலாம்.

அடுத்து, உடைக்க வேண்டாத கல்லை உடைக்கிறீர்களா என்று பாருங்கள். வெடி வைத்த குவியலில் ஏற்கெனவே சிறிதாக உடைந்த கல்லும் மண்ணும் கலந்தே வரும். ஜாவுக்கு முன்னால் கம்பி இடைவெளி கொண்ட அதிர்வு ஃபீடர் வைத்து அவற்றை நேரே கீழே இறக்கிவிட்டால் தாடைத் தேய்மானமும் குறையும், அடுத்த படிக்கு மண்ணும் போகாது. சல்லடைக் கண்ணி அடைத்துக்கொண்டால், சரியான அளவில் இருக்கும் ஜல்லியே மீண்டும் கோனுக்குத் திரும்பிச் சுற்றிக்கொண்டிருக்கும். மழைக்காலத்தில் டன்னுக்கான யூனிட் ஏறுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். கோன் கிரஷரைப் பொறுத்தவரை, அதன் குழி எப்போதும் நிறைந்திருக்கும்படி கல் கொடுக்க வேண்டும். அரைகுறையாக நிரப்பினால் மின்சாரமும் வீண், ஜல்லியும் பட்டையாக வரும்.

கடைசியாக வி.எஸ்.ஐ. உங்கள் ரசீதின் பெரும்பகுதி அங்கேதான் எழுதப்படுகிறது. கல்லைச் சுழற்றி எறிந்து மோதவிட்டு உடைக்கும் இயந்திரம் அது. எறியும் ஆற்றல் வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். ரோட்டரின் வேகத்தைப் பத்து விழுக்காடு குறைத்தால், எறிவதற்கான ஆற்றல் ஏறத்தாழ 19 விழுக்காடு குறையும். வேகத்தை உச்சத்தில் வைத்தால் மணல் அதிகம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அதிகம் வருவதில் பெரும்பகுதி தூள்தான். இந்திய தர நிர்ணயமான ஐ.எஸ். 383இன் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு, உடைத்த மணலில் 75 மைக்ரானுக்குக் கீழான தூள் 15 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. மின்சாரம் கொடுத்து உண்டாக்கிய தூளை, மறுபடியும் மின்சாரமும் தண்ணீரும் கொடுத்துக் கழுவி வெளியேற்றுவது எவ்வகையிலும் லாபமாகாது. ஆகவே வி.எஸ்.ஐ.க்குப் போகும் கல்லைக் கோனிலேயே நன்றாகச் சிறிதாக்கி அனுப்புங்கள். வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. வைக்க உங்கள் ஆலையில் தகுதியான ஒரே கிரஷர் மோட்டார் அதுதான்.

வெடிமருந்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுக் கல்லைப் பொடியாக எடுத்தால் கிரஷரில் மின்சாரம் குறையும் என்று படித்தேன். எங்கள் குவாரியில் செய்து பார்க்கலாமா? இப்போது பெரிய கற்கள் நிறைய விழுவதால் பிரேக்கர் முழு நாளும் ஓடுகிறது.
— குவாரி குத்தகைதாரர், பல்லடம்

நீங்கள் படித்தது தவறில்லை. ஆனால் அது எந்தச் சுரங்கத்துக்குச் சொல்லப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். தங்கம், செம்புச் சுரங்கங்களில் தாதுவை மாவு போல அரைக்கிறார்கள். வெடியில் உண்டாகும் நுண்விரிசல்கள் அங்கே அரைவை ஆலை வரை உதவுகின்றன. வெடியும் அரைவையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கப்படுகின்றன. நாம் ஜல்லியோடு நிற்கிறோம். மேலே சொன்ன சூத்திரத்தின்படியே, குவியலின் சராசரிக் கல்லை 600 மில்லிமீட்டரிலிருந்து 300ஆகப் பாதியாக்கினாலும், 20 மில்லிமீட்டர் ஜல்லிக்கான கிரஷர் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. எம்-சாண்ட் எடுப்பவருக்கு அந்த மிச்சம் நூற்றுக்கு மூன்று.

ஆனால் உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதியில்தான் பணம் இருக்கிறது. பிரேக்கர் மாட்டிய இருபது டன் பொக்லைன் மணிக்குப் பதினைந்து லிட்டர் டீசல் குடித்து, அந்த நேரத்தில் முப்பது டன் பெருங்கல்லை உடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டன்னுக்கு அரை லிட்டர். ஒரு லிட்டர் டீசலின் வெப்பம் ஏறத்தாழ பத்து யூனிட்டுக்குச் சமம். ஆகவே அந்த ஒரு டன்னுக்கு ஐந்து யூனிட் அளவு எரிபொருள் போய்விட்டது. அதற்குப் பிறகும் அது ஜாவுக்குள் நுழையும் அளவுக்கு மட்டுமே வந்திருக்கிறது, ஜல்லியாகவில்லை. வெடிமருந்தின் கணக்கோ வேறு. அம்மோனியம் நைட்ரேட்டும் டீசலும் 94-க்கு 6 என்ற விகிதத்தில் கலந்த வெடிமருந்தில் கிலோவுக்குச் சுமார் ஒரு யூனிட் ஆற்றல் உண்டு. டன்னுக்கு 150 முதல் 200 கிராம் செலவானால் அது 0.2 யூனிட்டைத் தாண்டாது. மலையிலிருந்து கல்லைப் பிரித்தெடுக்கும் முழு வேலையும் இதற்குள் முடிந்துவிடுகிறது. எனவே பெருங்கல் விழாமல் பார்த்துக்கொள்வதே உங்கள் குவாரியின் முதன்மையான எரிபொருள் சிக்கனம்.

அதற்கு வெடிமருந்தைக் கூட்டுவது கடைசி வழி. முதலில் துளைகளைக் கவனியுங்கள். துளைக்கும் பெஞ்சின் (படிபோல வெட்டிய பாறையின்) முகப்புக்கும் இடையே இருக்க வேண்டிய முன்பாறை அளவு, துளைக்குத் துளை இடைவெளி இரண்டும் காகிதத்தில் ஒன்றாகவும் தரையில் வேறாகவும் இருப்பதை நான் பார்த்த பெரும்பாலான குவாரிகளில் காணலாம். சாய்ந்து போன துளையின் அடிப்பகுதி அடுத்த துளையிலிருந்து விலகிவிட்டால், நடுவே உள்ள பாறை உடையாமல் முழுக்கல்லாக விழும். துளைகளைச் சதுரமாக அடிப்பதைவிட ஒன்றுவிட்டு ஒன்று மாறி வரும்படி முக்கோண அமைப்பில் அடித்தால் ஆற்றல் பாறை முழுவதும் சீராகப் பரவும்.

அடுத்தது துளையின் வாயை அடைக்கும் ஸ்டெம்மிங். துளையிடும்போது வந்த மாவுத் தூசியையே அள்ளிப் போட்டு மூடுவது பழக்கமாக இருக்கிறது. அழுத்தம் வந்தவுடன் அது துப்பாக்கிக் குண்டு போல வெளியே பறந்துவிடும்; கல்லைப் பிளக்க வேண்டிய வாயு அதன் பின்னாலேயே போய்விடும். அதற்குப் பதிலாகத் துளை விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு முதல் இருபதில் ஒரு பங்கு வரையுள்ள உடைத்த சிறு ஜல்லியைப் போட்டால், அது ஒன்றோடொன்று கவ்விப் பூட்டிக்கொண்டு வாயுவை உள்ளேயே நிறுத்தும். 110 மில்லிமீட்டர் துளைக்கு ஆறு முதல் பத்து மில்லிமீட்டர் சிப்ஸ் சரியாக வரும்; அது உங்கள் கிரஷரிலேயே கிடைக்கிறது. எரிபொருள் சிக்கனத்துக்கு இதைவிட மலிவான வழி ஒன்று எனக்குத் தெரியாது. அடைப்பின் உயரம் முன்பாறை அளவில் முக்கால் பங்கிலிருந்து முழு அளவு வரை இருக்கலாம். அதைக் குறைத்தால் கல் பறக்கும், கூட்டினால் மேற்பகுதியில் பெருங்கல் விழும்.

இன்னொன்று, உங்கள் பாறையின் வரிகள். நம் பகுதியில் சார்னோக்கைட்டும் நைஸ் பாறையும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. நைஸில் கருப்பும் வெளுப்புமாக ஓடும் வரிகளின் திசையில் பாறை எளிதாகப் பிரியும். குறுக்கே பிடிவாதம் காட்டும். முகப்பை எந்தத் திசையில் திறப்பது என்பதை அதைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இவற்றில் எந்த மாற்றத்தையும் வெடி வைக்க உரிய சான்றிதழ் பெற்ற பிளாஸ்டரையும் சுரங்க மேலாளரையும் கொண்டே செய்ய வேண்டும். பத்திரிகையைப் பார்த்து யாரும் துளையில் மருந்து நிரப்பக் கூடாது. தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் குவாரிகளுக்கு வெடி வடிவமைப்பு ஆய்வு செய்து தருகிறது.

மோட்டாருக்குப் பக்கத்தில் ஒரு பெட்டியை மாட்டினால் முப்பது விழுக்காடு மின்சாரம் மிச்சம் என்று ஒருவர் விற்க வருகிறார். வாங்கலாமா?
— அன்னூர் வாசகர்

வாங்காதீர்கள். அத்தகைய பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது கெப்பாசிட்டர். கெப்பாசிட்டர் நல்ல பொருள். பவர் ஃபேக்டரைச் சீராக்கி, உயரழுத்த இணைப்பில் உச்சத் தேவைக்காக கே.வி.ஏ. கணக்கில் வரும் டிமாண்ட் கட்டணத்தைக் குறைக்கும். ஆனால் அதைப் பெட்டி விலைக்கு வாங்க வேண்டியதில்லை, யூனிட்டும் முப்பது விழுக்காடு குறையாது. சாஃப்ட் ஸ்டார்ட்டரும் அப்படித்தான். மோட்டார் தொடங்கும் நேரத்தின் அதிர்ச்சியைத் தாங்குமே தவிர ஓடும்போது எதையும் மிச்சப்படுத்தாது. தூசி உறிஞ்சும் விசிறிக்கு வி.எஃப்.டி. போடுங்கள், வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் விசிறியின் மின்தேவை பாதியாகிவிடும்.

எங்களிடம் போர்வெல் ரிக் இருக்கிறது. தண்ணீர்த் துளைக்கு வேலை குறைந்த மாதங்களில் குவாரித் துளைக்கும் போகிறோம். டீசல் கட்டுப்படியாகவில்லை. கம்ப்ரசரை என்ன செய்தால் குறையும்?
— ரிக் உரிமையாளர், திருச்செங்கோடு

ரிக்குக்குப் பேர்போன திருச்செங்கோட்டுக்காரருக்கே அதைப் பற்றிச் சொல்ல வருவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆனாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். அழுத்தக் காற்று, ஆற்றலைக் கொண்டு செல்ல மனிதன் கண்ட வழிகளில் மிக ஊதாரித்தனமான ஒன்று. கம்ப்ரசருக்குக் கொடுக்கும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகிவிடும். கருவியின் முனையில் பயன்படுவது பத்து முதல் பதினைந்து விழுக்காடுதான். இதை மாற்ற முடியாது. கசிவைத் தடுக்கலாம். ஏழு பார் அழுத்தத்தில் மூன்று மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று மூன்று கிலோவாட்டுக்குக் குறையாமல் தின்னும். உங்கள் ரிக் இருபத்துநான்கு பாரில் ஓடினால் அதே ஓட்டையில் வெளியேறும் காற்று மூன்று மடங்காகும். அந்தக் காற்றை அவ்வளவு அழுத்தத்துக்குக் கொண்டுவர ஆன செலவும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். ஹோஸ் இணைப்பு, ராடு மரை, சுழலும் தலையின் சீல் ஆகியவற்றைச் சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

உள்ளிழுக்கும் காற்று நான்கு டிகிரி சூடானால் ஏறத்தாழ ஒரு விழுக்காடு கூடுதல் ஆற்றல் வேண்டும். ரேடியேட்டரின் வெப்பக் காற்று மீண்டும் கம்ப்ரசர் வாய்க்கே திரும்பும்படி வண்டியைப் பாறை முகப்பை ஒட்டி நிறுத்துவது சித்திரை வெயிலில் இருமடங்குத் தவறு. ஃபில்டர் அடைத்துக்கொண்டு 250 மில்லிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்துக்குச் சமமாக இழுவை கூடினால் இன்னும் இரண்டு விழுக்காடு போகும். குவாரித் தூசியில் அது சில நாட்களிலேயே நடக்கும்.

பாறையைக் குடையும் பிட்டைக் கவனியுங்கள். அதன் முகத்திலுள்ள பட்டன் தேய்ந்து உண்டாகும் தட்டை முகம் பட்டனின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் தீட்ட வேண்டும். அதற்கு மேல் ஓட்டினால் பிட்டின் மேல் ஹாமர் அடிக்கிறது, கல் உடைவதில்லை, டீசல் மட்டும் போகிறது. துளையிலிருந்து தூள் மேலே வரும் காற்றின் வேகம் விநாடிக்குப் பதினைந்து மீட்டருக்குக் கீழே இறங்கினால், உடைத்த தூளையே ஹாமர் மறுபடி உடைத்துக்கொண்டிருக்கும். துளைக்கு ஒல்லியான ராடு போட்டால் இந்தச் சிக்கல் வரும். குவாரி வேலையே உங்களுக்கு நிரந்தரமாகிவிட்டால், துளைக்கு வெளியே மேலிருந்து அடிக்கும் ஹைட்ராலிக் டாப் ஹாமர் இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். சிறிய விட்டத் துளைகளில் அது காற்று இயந்திரத்தின் எரிபொருளில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்குள் வேலையை முடித்துவிடும். ஆழம் கூடினால், ஹாமர் துளைக்குள்ளேயே இறங்கி அடிக்கும் டி.டி.எச். தான் நேராகப் போகும் என்பது உங்களுக்கே தெரியும்.

குவாரியிலிருந்து கிரஷருக்கு ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு டிப்பர் ஓட்டுகிறோம். புது வண்டியும் பழைய வண்டியும் ஒரே மாதிரி டீசல் குடிக்கின்றன. வண்டியில் குறையா, டிரைவர்களிடம் குறையா?
— டிப்பர் உரிமையாளர், நாமக்கல்

இரண்டிலும் இல்லாமல் பாதையில் இருக்கலாம். வண்டிச் சக்கரம் உருளுவதற்கே ஒரு தடை உண்டு. கெட்டியாகச் சமன்செய்த குவாரிப் பாதையில் அது வண்டி எடையில் இரண்டு விழுக்காடு அளவு இருக்கும். குழியும் சேறும் உதிர் ஜல்லியுமாகக் கிடக்கும் பாதையில் ஐந்து, சில இடங்களில் எட்டு விழுக்காட்டையும் தொடும். தடையில் ஒரு விழுக்காடு கூடுவது, சமதளத்திலேயே நூற்றுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் ஏறுவதற்குச் சமம்.

பதினேழு டன் கல்லோடு மொத்தம் 28 டன் எடையுள்ள பத்துச் சக்கர டிப்பரை எடுத்துக்கொள்வோம். மூன்று விழுக்காடு கூடுதல் தடையுள்ள பாதையில் ஒரு கிலோமீட்டர் போக, நல்ல பாதையைவிட 2.3 யூனிட் அளவு கூடுதல் உழைப்பு வேண்டும். டீசல் எஞ்சின் லிட்டருக்குச் சுமார் மூன்றரை யூனிட் உழைப்பைச் சக்கரத்துக்குத் தரும் என்று கொண்டால், அது 0.65 லிட்டர். வெறும் வண்டியாகத் திரும்பும்போது இன்னொரு கால் லிட்டர். ஒரு நடைக்கு 0.9 லிட்டர் என்றால், நாளுக்கு எல்லா வண்டிகளும் சேர்ந்து நாற்பது நடை அடிக்கும் குவாரியில் தினமும் 36 லிட்டர் டீசல் குழிகளில் கொட்டப்படுகிறது. பாதையைச் சமன்செய்ய ஒரு கிரேடரை ஒரு மணி நேரம் ஓட்டுவதற்கு இதில் பாதிகூட ஆகாது. பாதையின் சரிவும் முக்கியம். உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளின்படி பாதையின் ஏற்றம் பொதுவாகப் பதினாறுக்கு ஒன்றைத் தாண்டக் கூடாது. பாதுகாப்புக்காகச் சொல்லப்பட்ட இந்த விதி டீசலுக்கும் நல்லது. செங்குத்தான ஏற்றத்தில் முதல் கியரில் முக்கி ஏறி, இறங்கும்போது அதே ஆற்றலை பிரேக்கில் எரித்துவிட்டு வருகிறோம்.

ஏற்றும் இடத்தையும் ஒரு நாள் நின்று பாருங்கள். பொக்லைன் குவியலின் மேல் பெஞ்சில் நின்று, கீழே நிற்கும் வண்டிக்குள் கால் வட்டம் மட்டும் திரும்பிக் கொட்டினால் ஒரு பக்கெட்டுக்கு ஆகும் நேரம் குறையும். அரை வட்டம் திரும்பினால் கூடும். வரிசையில் எஞ்சினை அணைக்காமல் காத்திருக்கும் ஒவ்வொரு வண்டியும் மணிக்கு இரண்டு லிட்டர் அளவு டீசலைச் சும்மா எரிக்கிறது. ஓட்டுநருக்கு நடைக்கணக்கில் படி கொடுப்பவர்கள், அவர் வேகமாக வந்து வரிசையில் நிற்பதற்கே பணம் கொடுக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

மைக்ரோவேவ் கொண்டு பாறையை உடைத்தால் மின்சாரம் மிகக் குறைவாகப் போதும் என்று கேள்விப்பட்டேன். நம் ஊர்க் கருங்கல்லுக்கு அது பயன்படுமா?
— பொறியியல் மாணவி, கோயம்புத்தூர்

நல்ல கேள்வி. பதில், நம் கருங்கல்லுக்குப் பெரும்பாலும் பயன்படாது என்பது. மைக்ரோவேவ் எல்லாக் கனிமங்களையும் ஒரே மாதிரி சூடாக்குவதில்லை. கந்தகத் தாதுக்களும் மேக்னடைட்டும் அதை நன்கு உறிஞ்சும்; குவார்ட்சும் ஃபெல்ஸ்பாரும் ஏறத்தாழ அப்படியே ஊடுருவ விட்டுவிடும். உலோகத் தாதுவில் சூடேறும் துகள் விரிந்து, சூடேறாத சுற்றுப்பாறையிலிருந்து விரிசலோடு பிரிகிறது; பிறகு அரைப்பது எளிதாகிறது. நம் நைஸும் கிரானைட்டும் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் மிகுந்தவை. அங்கே பிரிக்க வேண்டிய உலோகத் துகளும் இல்லை.

உங்கள் ஆர்வத்துக்கு வேறொரு வழி காட்டுகிறேன். கிரானைட் அழுத்தத்துக்கு 150 முதல் 250 மெகாபாஸ்கல் வரை தாங்கும். இழுவிசைக்கு அதில் பத்தில் ஒரு பங்களவே தாங்கும். கிரஷர்களோ கல்லை அழுத்தியே உடைக்கின்றன. அழுத்தும்போதும் இறுதியில் கல் பிளப்பது உள்ளே உண்டாகும் இழுவிசையால்தான். இடையில் போகும் ஆற்றலில் பெரும்பகுதி உராய்வாகவும் வெப்பமாகவும் தொலைகிறது. கல் தச்சர்கள் வரிசையாகக் குழி வெட்டி இரும்பு ஆப்பை இறக்கிப் பெரும்பாறையைப் பிளப்பது நேராக இழுவிசையைப் பயன்படுத்தும் முறை. நீரில் கலந்து துளையில் ஊற்றினால் விரிந்து பாறையைப் பிளக்கும் சுண்ணாம்பு வகைக் கலவையும் அதே கொள்கையில் இயங்குகிறது. மாவாக அரைக்கும் கட்டத்தில், கல் படுக்கையை இரு உருளைகளுக்கிடையே மிகுந்த அழுத்தத்தில் நசுக்கி விரிசலிடும் உயரழுத்த உருளை ஆலையை ஜெர்மனியின் கிளவுஸ்தாலில் பேராசிரியர் கிளாஸ் ஷோனெர்ட் உருவாக்கினார். 1980களில் சிமெண்ட் ஆலைகளுக்கு வந்தது. இரும்புக் குண்டுகள் உருளும் பால் மில்லில், கொடுக்கும் மின்சாரத்தில் புதிய பரப்பை உண்டாக்கப் பயன்படுவது ஒரு விழுக்காடு அளவே என்பதுதான் இந்தத் தேடலுக்கெல்லாம் காரணம். மதுக்கரையிலோ சங்ககிரியிலோ சிமெண்ட் ஆலையைப் பார்க்க அனுமதி கிடைத்தால், சுண்ணாம்புக்கல் உடைக்கும் கிரஷரின் மோட்டாரையும் அரைவை ஆலையின் மோட்டாரையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்களுக்குச் சொந்தக் காற்றாலை இருக்கிறது. ஆடிக் காற்றில் மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும்போது கிரஷரில் ஏன் சிக்கனம் பார்க்க வேண்டும்?
— உடுமலைப்பேட்டை வாசகர்

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பொக்லைனையும் டிப்பரையும் ஓட்டாது. கிரஷரில் மிச்சமாகும் யூனிட்டை உங்கள் நூற்பாலையோ தென்னந்தோப்பு மோட்டாரோ எடுத்துக்கொள்ளும். காற்று நின்ற மாதங்களில் வாரியத்தின் ரசீது வரும்போது இந்தக் கேள்வியை நீங்களே கேட்க மாட்டீர்கள்.

எங்கள் தோட்டத்துக்கு அருகே குவாரி இருக்கிறது. வெடி வைக்கும்போது வீடு அதிர்கிறது. எரிபொருள் சிக்கனம் என்று நீங்கள் எழுதுவதெல்லாம் அவர்களுக்குத்தானே லாபம்? எங்களுக்கு என்ன?
— விவசாயி, காங்கேயம்

நியாயமான கேள்வி அம்மா. உங்கள் சுவரை அசைக்கும் அதிர்வும், காதைப் பிளக்கும் ஓசையும், தோட்டத்துக்கு வந்து விழும் கல்லும் அந்த வெடிமருந்திலிருந்து பாறையை உடைக்காமல் தப்பிய ஆற்றல். வெடியின் ஆற்றலில் பாறையை உடைக்கப் பயன்படுவது சிறு பங்குதான். அந்தப் பங்கைக் கூட்ட குவாரிக்காரர் செய்யும் நல்ல காரியங்கள் பலவும் உங்கள் வீட்டு அதிர்வையும் குறைக்கும். எல்லாத் துளைகளையும் ஒரே நேரத்தில் வெடிக்கவிடாமல், 17 அல்லது 25 மில்லி விநாடி இடைவெளிவிட்டு ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கவைத்தால், முன்வரிசைப் பாறை நகர்ந்து பின்வரிசைக்கு இடம் கிடைக்கும். கல்லும் நன்றாக உடையும், ஒரே கணத்தில் நிலத்துக்குள் போகும் அதிர்ச்சியும் குறையும். ஸ்டெம்மிங் சரியாக இருந்தால் ஓசையும் பறக்கும் கல்லும் குறையும். ஆனால் எல்லாம் இப்படி இரு தரப்புக்கும் ஒத்துப்போகும் என்று சொல்லமாட்டேன். பெருங்கல்லைத் தவிர்க்க ஒரு துளைக்கான மருந்தைக் கூட்டினால் அவர் டீசல் மிச்சப்படலாம். உங்கள் வீடு கூடுதலாக அதிரும். அந்த இடத்தில் விதிதான் உங்களைக் காக்க வேண்டும்.

சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்குநரகம் 1997இல் வெளியிட்ட சுற்றறிக்கை, குவாரிக்குச் சொந்தமல்லாத குடியிருப்பு வீடுகளுக்கு அதிர்வின், அதாவது தரை அசையும் வேகத்தின், உச்ச வரம்பை வகுத்திருக்கிறது. அதிர்வெண் 8 ஹெர்ட்சுக்குக் கீழே இருந்தால் விநாடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10 மில்லிமீட்டர், அதற்கு மேல் 15 மில்லிமீட்டர். தாழ்ந்த அதிர்வெண்ணே கட்டடத்தை அதிகம் ஆட்டும் என்பதால் அதற்கு வரம்பு கடுமையாக உள்ளது. அதிர்வை அளக்கும் கருவியைக் குவாரியின் எல்லையில் வைத்து அளந்தால் போதாது. உங்கள் வீட்டு அடித்தளத்தை ஒட்டிய தரையில் வைத்து அளக்க வேண்டும். வெடி வைக்கும் நாளில் அவ்வாறு அளந்து, அந்தப் பதிவின் நகலைத் தருமாறு குவாரி மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். அதன் ஒரு படியை மாவட்டக் கனிமவளத் துறை அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள்.